பதினான்கு மாதமாக யாரும் எடுக்காத தொலைபேசி: பெருந்துறைக்கு ஒரு நாள் பயணம்

எழுபத்து நான்கு வயதில், துணைக்கு ஆளில்லாமல், கோவையிலிருந்து பெருந்துறைக்குப் பேருந்தில் போய் அதே நாளில் திரும்ப முடியுமா என்று இரண்டு வாசகிகள் கேட்டிருந்தார்கள். முடியும். சென்ற ஜூலையில், ஒரு புதன்கிழமை நான் போய்வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதியைப் பார்க்கப் போனேன். இதைப் படிப்பவர்களில் சிலரும் என்னைப்போல அப்படிப் போக நேரலாம் என்பதால் நேரம், தூரம், கட்டணம் எல்லாவற்றையும் குறித்துவைத்திருக்கிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். மில்லின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

முதலில், ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். வேலை வாங்கித் தருகிறேன் என்று வெளிமாநிலப் பெண்களை அழைத்துவந்து ஏமாற்றி விற்றுவிடும் தரகர்களைத் தடுக்க, கோவையில் ஒரு தொண்டு நிறுவனமும் இந்தப் பக்கத்து மில்காரர்கள் சிலரும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு விடுதியிலும் சிவப்பு நிறத்தில் ஒரு தொலைபேசி. ரிசீவரை எடுத்தாலே போதும், கோவையில் தொண்டு நிறுவனத்தில் மணி அடிக்கும். ஒடியா, இந்தி உட்பட ஐந்து மொழிகளில் பதில் சொல்ல அங்கே ஆள் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு பெண்மணி மாதம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் விடுதிக்குப் போய்ப் பார்த்து எழுதித் தரவேண்டும். வழக்கமாகப் போகிறவர் குளியலறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். தொண்டு நிறுவனத்தில் இருக்கும் ஜெயந்தி எங்கள் சர்ச்சுக்கு, பங்குக் கோயிலுக்கு, வருகிற பெண். "ஆன்ட்டி, நீங்க எதையும் சும்மா விடமாட்டீங்க. அதனாலதான் உங்களைக் கேக்கிறேன்" என்றாள். புகழ்ச்சியா என்று தெரியவில்லை. ஒப்புக்கொண்டேன்.

காந்திபுரம் மத்தியப் பேருந்து நிலையத்தில் காலை 8.10க்கு ஈரோடு வண்டி. டிக்கெட் எழுபத்தெட்டு ரூபாய். பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான்; இதில் கேட்டுச் சிறுமைப்பட வேண்டாம். என் கணவர் இருந்தபோது ஜன்னலோர இருக்கை எனக்குத்தான். இப்போதும் எனக்குத்தான், ஆனால் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் காதிலிருந்த ஒயரைக்கூடக் கழற்றாமல் எழுந்து இடம் கொடுத்தாள். நன்றி சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்காது.

அவிநாசி தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்று தென்னைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. ஆடிக் காற்று. ஒரு எச்சரிக்கை: ஈரோடு, சேலம் போகும் வண்டிகளில் சில பெருந்துறை ஊருக்குள் போவதில்லை; பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஏறுமுன் நடத்துநரிடம் கேளுங்கள். நான் கேட்டேன். மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவர், "அம்மா, உங்களைப் பஸ் ஸ்டாண்டுல கையப் புடிச்சு எறக்கி விடறனுங்க, போதுமா?" என்றார். 10.15க்குச் சொன்னபடியே இறக்கிவிட்டார், கையைப் பிடித்து.

மில் சென்னிமலை சாலையில் ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஓட்டியவர் பழனிச்சாமி, ஐம்பது வயதிருக்கும்.

"அந்த மில்லுக்குங்களா? ஆருங்க நீங்க, டீச்சருங்களா?"

"டீச்சர் இல்லைங்க. டெலிபோன்ஸ்ல இருந்து ரிடையர் ஆனவ."

"பாத்தா டீச்சராட்டத்தான் இருக்கறீங்க. சரிங்க, ஒண்ணு சொல்லிப்போடறேன். வயித்தக் கொஞ்சம் காலியா வச்சுக்கங்க. அங்கத்து அம்மா சோறு போடாம ஆரையும் உடாது. ஒருக்கா கரண்டு பில்லு ரீடிங் எடுக்க வந்தவனையே புடிச்சு உக்கார வச்சு, அவன் ரெண்டு நாளு மில்லுப் பக்கமே வரல."

நாலு மணிக்கு வந்து அழைத்துக்கொள்ளச் சொன்னேன். சிரித்தார். "நாலுக்கு உடமாட்டாங்க. இருந்தாலும் வாரேனுங்க."

விடுதியைப் பார்த்துக்கொள்பவர் மில் முதலாளியின் மனைவி சரஸ்வதி. அறுபத்தெட்டு வயது. மஞ்சள் கரைபோட்ட பருத்திச் சேலை, கையில் சாவிக்கொத்து, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு தேடுகிற பழக்கம். சொல்லாமல் வந்த என்னைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. அந்த ஏற்பாட்டில் சொல்லாமல் வருவதுதான் விதி என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வருகிற நாளில் வடை சுடவில்லை என்பது அவருக்குத் தாங்கவில்லை.

"ஒரு போன் பண்ணியிருந்தா எளநி வெட்டி வச்சிருப்பனுங்களே டீச்சர்!"

"நான் டீச்சர் இல்லைங்க."

"இருக்கட்டுங்க. உள்ள வாங்க."

எல்லாவற்றையும் காட்டினார். அறுபது பெண்கள், பாதிப்பேர் ஒடிசாக்காரர்கள். சுத்தமான கழிவறைகள், வெந்நீர், அறைக்கு இரண்டு மின்விசிறி. எங்கள் கான்வென்ட் விடுதியில் இதில் கால்வாசி வசதிகூட இருந்ததில்லை. குறிப்பேட்டில் குறை எழுதும் பக்கம் வெறுமையாகவே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் குறை கண்டுபிடிக்காமல் எங்கேயிருந்தும் திரும்பிவந்ததில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். "எங்க நூலு வெளிநாட்டுக்குப் போகுதில்லைங்களா. வாங்கறவிய இதெல்லாம் கேக்கறாங்க. பொய் சொல்றதுக்கில்ல, மொதல்ல அதுக்காகத்தான் சேந்தோம். இப்ப அப்படியில்லைங்க, எங்களுக்கே இது வேணும்னு தோணிப்போச்சு" என்றார் சரஸ்வதி. ஒளிவில்லாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு அறைக்கும் கூடவே வந்தார். நான் தனியாகப் பார்க்கிறேன் என்றால், "ஒறம்பரையத் தனியா உடறதா? நல்லாயிருக்குதுங்களே!" என்றார். கூடவே வந்தார் என்றால் கையைக் கோத்துக்கொண்டு வந்தார். பெண்கள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அவரையும் பார்த்துப் புன்னகைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியாகச் சிவப்புத் தொலைபேசி. அது இருந்தது அவருடைய அலுவலக அறையில். பட்டு உறை போட்ட சோபா நாற்காலி, பக்கத்தில் சின்ன மேஜை, மேலே மின்விசிறி. நாற்காலிக்கு நேர் எதிரே அவருடைய மேஜை.

"மொதல்ல அந்தப் புள்ள ஜெயந்தி இத வராண்டாவுல சொவத்துல மாட்டச் சொல்லுச்சுங்க. ஊட்ட உட்டுட்டு வந்த புள்ளைக, மனசு உட்டுப் பேசறப்ப நின்னுக்கிட்டேவா பேசும்? அதான் இங்க வச்சோம். பேச வர்ற புள்ளைக்கு ஒரு டம்ளர் காப்பி குடுக்காம அனுப்பறதில்லைன்னு சொல்லி வச்சிருக்கறேன்."

"எத்தனை பேர் பேசியிருக்காங்க?"

"ஒருத்தருமில்லைங்க!" அவர் முகத்தில் பெருமை. "பதினாலு மாசமாச்சு. ஒரு கொறையாவது, ஒரு குத்தமாவது! எடுத்தது கெடையாது."

முப்பத்தெட்டு ஆண்டுகள் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். டிரங்க் கால் போர்டில் ஆரம்பித்துச் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். ஒரு லைனில் பதினான்கு மாதம் அழைப்பே இல்லையென்றால் சந்தாதாரர் நிம்மதியாக இருக்கிறார் என்று நாங்கள் எழுதமாட்டோம். லைன் பழுது என்றுதான் எழுதுவோம். ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். இரண்டு முறை மணி அடித்ததுமே கோவையில் ஒரு பெண்குரல் கேட்டது. லைன் நன்றாகத்தான் இருந்தது. சோதனைக்காக எடுத்தேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பழுது எங்கே என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாடு, அதே அலுவலக அறையில். பார்வையாளர் விடுதிச் சாப்பாட்டைத்தான் சாப்பிடவேண்டும் என்பது விதி. சரஸ்வதி அதை மதித்தார்; மதித்து, கூடவே அப்பளம், தயிர்வடை, நேந்திரம் சிப்ஸ், ஒரு கிண்ணம் பாயசம் எல்லாம் வைத்தார். எதிரே உட்கார்ந்துகொண்டு நான் வாயில் வைப்பதையே பார்த்தார்.

"சாம்பாரு நானே முன்னால நின்னு கூட்டிவச்சதுங்க. எப்படீங்க இருக்குது?"

சாம்பாரில் புளி தூக்கல். தூக்கல் என்றால் பல் கூசுகிற தூக்கல். என் வீட்டில் அப்படி வைத்திருந்தால் சமையல்காரியிடம் திருப்பிக் கொடுத்திருப்பேன். எங்கே போனாலும் சாப்பாட்டைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்பவள் நான். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஆனால் எதிரே அந்த முகம். நெற்றியில் கண்ணாடி. கையில் எனக்காகத் தயாராக இன்னொரு கரண்டி சாம்பார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

ஊற்றினார். சாப்பிட்டேன். இரண்டாவது கவளத்தில் பழுது எங்கே என்று புரிந்துவிட்டது. எழுபத்து நான்கு வயதில், சொந்தப் பென்ஷன் வாங்குகிற எனக்கே இந்த அம்மா முன்னால் சாம்பாரில் புளி அதிகம் என்று சொல்ல வரவில்லை. பட்டு உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, இவர் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் காதுபட, இருபது வயதுப் பெண் என்ன சொல்லுவாள்?

தனியாகப் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. முழங்கால் வலிக்கிறது, விடுதியில் ஒரு கட்டிலில் அரைமணி நேரம் படுக்கிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை. என் முழங்கால் எப்போதும் வலிக்கும். தன் வீட்டில் படுக்கச் சொல்லி மன்றாடினார். மாடி ஏற முடியாது என்றேன். அது பொய். அந்த வாரம் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. இரண்டரைக்கு நான் விடுதியின் மொட்டைமாடியில் இருந்தேன். மாடி முழுக்கக் கொடி கட்டியிருந்தது. காற்றில் சேலையும் சுடிதாரும் படபடவென்று அடித்துக்கொண்டன. ஒரு பெண் வாளியை வைத்துக்கொண்டு துணிக்கு நாலு நாலு கிளிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தாள். சபிதா என்று வைத்துக்கொள்வோம். இருபது வயது. ஒடிசாவில் ஒரு கிராமம். இரண்டு வருடத்தில் இந்த ஊர்த் தமிழை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, நீங்க எங்க ஆஸ்டல் அம்மாவுக்குச் சொந்தங்களா?"

"இல்லை கண்ணு. இன்னிக்குத்தான் அவங்களைப் பாக்கிறேன்."

"மில்லு ஆளுங்களா?"

"இல்லை."

"போலீசுங்களா?"

"என்னைப் பார்த்தா போலீஸ் மாதிரியா இருக்கு?"

"டீச்சராட்ட இருக்கறீங்க" என்றாள். சிரிக்கவில்லை. கிளிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காற்று ஓயும்வரை நின்றாள். பிறகு சொன்னாள்.

விடுதியில் கைபேசிகளை வாங்கி வைத்து மாலை ஆறிலிருந்து எட்டுவரைதான் கொடுப்பார்கள். முந்தின நாள் மாலை ஊரிலிருந்து அவளைப் பெற்ற அம்மா பக்கத்து வீட்டுக் கைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். சபிதாவை இங்கே கொண்டுவந்து சேர்த்த தரகன் பாபு ஊருக்கு வந்திருக்கிறானாம். அவளுடைய தங்கை மினதியையும் இதே மில்லில் சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டானாம். இன்று மாலை ஐந்து மணிக்கு ரயில்.

"மினதிக்கு பதினாலு வயசுங்க. இந்த மில்லுல பதினெட்டு ஆகாம எடுக்கமாட்டாங்க. அது பாபு அண்ணனுக்கும் தெரியுமுங்க. அப்பறம் எதுக்கு இங்கன்னு சொல்லிக் கூட்டிட்டு வர்றாரு? எங்க கொண்டு போவாருங்க?" அம்மாவிடம் அனுப்பாதே என்று சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அப்புறம் கிடைக்கவே இல்லை.

"கீழே சிவப்பு ஃபோன் இருக்கே?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அந்தச் சேர்லதானுங்க பாபு அண்ணன் வந்தா உக்காருவாரு. அம்மா அவருக்கும் காப்பி குடுப்பாங்க."

அன்று காலை எட்டு மணி நேரம் இதை மனசில் வைத்துக்கொண்டு அவள் நூற்பு இயந்திரத்தில் கதிர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் என் கைபேசியை எடுத்து ஜெயந்தியைக் கூப்பிட்டேன். ஜெயந்தியின் அலுவலகத்தில் ஒடியா தெரிந்த ஆளிடம் சபிதா நான்கு நிமிடம் பேசினாள். பிறகு ஜெயந்தி என்னிடம் சொன்னாள்: ஒடிசாவில் எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் அமைப்புக்கும் அங்கத்து ரயில்வே போலீசுக்கும் உடனே சொல்லிவிடுகிறோம். ஆனால் அது பெரிய ஸ்டேஷன். பாபுவின் புகைப்படம், முழுப்பெயர், கைபேசி எண் வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது.

அவை ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும். தரகர்களின் அடையாள அட்டை நகல்களைக் கோப்பில் வைக்கவேண்டும் என்று மில்காரர்களும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து போட்ட விதி. கோப்பு சரஸ்வதியின் அலமாரியில்.

"அம்மாகிட்டச் சொல்லிராதீங்க" என்று சபிதா என் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

"உன் பேரைச் சொல்லமாட்டேன். ஆனா கேக்காம படம் கிடைக்காது. நீ சரின்னு சொன்னாத்தான் போவேன்."

யோசித்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் அவசரப்படுத்தியதாகும். ஒரு சேலையை முழுக்க விரித்துப் போட்டு முடித்துவிட்டு, "போங்க" என்றாள்.

2.55க்கு அலுவலக அறையில் நான் கேட்டேன். சரஸ்வதி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"பாபுவோட காயிதமா? எதுக்குங்க?"

சொன்னேன். பதினாலு வயதுப் பெண், ஐந்து மணி ரயில், இந்த மில்லின் பெயரைச் சொல்லி.

"ஆருங்க சொன்னது?"

"சொல்லமாட்டேங்க."

"எங்கூட்டுல சோத்தத் தின்னுபோட்டு எங்கூட்டு ஆளையே…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். வார்த்தை தவறிவிட்டது என்று அவருக்கே கூசிவிட்டது. எனக்கும் முகம் சிவந்திருக்கும். நானும் லேசானவள் இல்லை, எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க" என்றார். "பாபு என்ர மவனாட்டமுங்க. வரும்போதெல்லாம் கால்ல உழுந்து கும்புடுவான். முப்பது புள்ளைக அவன் கொண்டாந்ததுதான். அவன் இல்லாட்டி மில்லுல ஒரு லைன் மெஷினே நின்னுபோகுமுங்க. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க. அந்தக் குழந்தைக்கு பதினாலு வயசு. அது மட்டும்தான் தெரியும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சிவப்புத் தொலைபேசியைப் பார்த்தார். அந்த நாற்காலியைப் பார்த்தார்.

"என்ர மில்லு பேரச் சொல்லியா கூட்டிட்டு வர்றான்?"

"ஆமாங்க."

சாவிக்கொத்தை எடுத்தார். அலமாரியைத் திறந்து கோப்பை என் முன்னால் வைத்துவிட்டு, தன் கைபேசியை எடுத்தார். "இருங்க, அவன ஒரு வார்த்த கேட்டுப்போடறேன்."

"கேக்காதீங்க!"

எக்ஸ்சேஞ்சில்கூட நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை. "நீங்க கேட்டா அவன் வேற ரயில்ல போயிடுவான்."

அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது என்று நினைக்கிறேன். முகத்துக்கு நேரே கேட்காமல் ஒருவனைப் பற்றி வெளியே சொல்வது அவர்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கனமான சாவிக்கொத்தையும் வைத்தார். கை தானாகப் போய்விடக் கூடாது என்பதுபோல.

என் கைபேசியில் நாங்கள் இருவரும் சேர்ந்து அடையாள அட்டையைப் படம் எடுத்தோம். முதல் படத்தில் என் கட்டைவிரல். இரண்டாவதில் அவர் கட்டைவிரல். மூன்றாவது படம் 3.20க்கு ஜெயந்திக்குப் போயிற்று.

நாலு மணிக்குப் பழனிச்சாமி வந்து ஹாரன் அடித்தார். காத்திருக்கச் சொன்னேன். "நாந்தான் சொன்னனுங்களே" என்று சொல்லிவிட்டு ஆட்டோவிலேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் ஒரு தட்டில் வடை போயிற்று. எந்த நேரத்தில் சுட்டார்கள் என்று தெரியவில்லை.

டிரங்க் கால் காலத்தில் காத்திருப்பதே எங்கள் வேலை. லைனின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, நடுவில் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்போம். அன்று நாங்கள் இருவரும் என் கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணி அடித்தது. சரஸ்வதி ஒருமுறை எழுந்துபோய் நாற்காலியின் பட்டு உறையை உருவி எடுத்துச் சலவைக் கூடையில் போட்டுவிட்டு வந்தார்.

5.40க்கு ஜெயந்தி கூப்பிட்டாள். ரயில் கிளம்புவதற்குச் சற்றுமுன் பிளாட்பாரத்தில் படத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிட்டார்கள். மினதியோடு இன்னும் இரண்டு சிறுமிகள். மூவரும் குழந்தைகள் நலக் குழுவிடம் பத்திரமாக இருக்கிறார்கள். பாபு ரயில்வே போலீசிடம் இருக்கிறான். டிக்கெட் எடுத்திருந்தது ஈரோட்டுக்கோ கோவைக்கோ இல்லை. எங்கே என்று இங்கே எழுத வேண்டாம் என்று ஜெயந்தி கேட்டுக்கொண்டாள், விசாரணை நடக்கிறது.

சரஸ்வதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆருன்னு எனக்கு வேண்டாமுங்க. ஆனா சேதி போய்ச் சேரணுமில்லைங்க. நீங்க மேல போனா, ஆரப் பாக்கப் போறீங்கன்னு மத்தவியளுக்குத் தெரிஞ்சுபோகும்." கொஞ்சம் யோசித்தார். "வாங்க."

ஆறு மணிக்கு முற்றத்தில் பெண்கள் தேநீருக்கு வரிசையில் நின்றார்கள். சரஸ்வதி முன்னால் போய் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"பாபு இனி இந்த மில்லுக்கு வரமாட்டான். இன்னைக்கு அவன் ரயிலேத்தக் கொண்டுபோன மூணு புள்ளைகளும் பத்தரமா இருக்காங்க. மூணு பேரும். கேட்டுச்சுங்களா எல்லாருக்கும்?"

ஒடியாவில் ஒரு பெண் மற்றவர்களுக்குச் சொன்னாள். வரிசை சலசலத்தது. நான் வேண்டுமென்றே வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்து உருண்டு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சரஸ்வதிக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை.

பழனிச்சாமி 6.40க்கு என்னைப் பெருந்துறையில் விட்டார். காத்திருந்ததற்குச் சேர்த்து வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன். ஏழு மணி வண்டி, 9.05க்குக் காந்திபுரம். ஜன்னலோர இருக்கை தானாகவே கிடைத்தது.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தண்ணீர் பாட்டில், முழங்கால் பட்டை, முழு சார்ஜ் உள்ள கைபேசி எடுத்துக்கொள்ளுங்கள். காலை வண்டியில் போனால் மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அங்கே இருக்கலாம், அது முக்கியம். விடுதியின் கழிவறையையும் சமையலறையையும் எல்லோரும்தான் பார்ப்பார்கள். நீங்கள் தொலைபேசி எங்கே இருக்கிறது, அதற்கு எதிரே யார் உட்காருகிறார் என்று பாருங்கள். எவ்வளவு அன்பாக வைத்திருந்தாலும் பாருங்கள். அன்பாக வைத்திருந்தால் இன்னும் நன்றாகப் பாருங்கள். பூஜ்யம் என்று பெருமையாகக் காட்டினால், லைன் பழுது என்று எழுதிவிட்டுப் பழுதைத் தேடுங்கள். சாப்பாடு நன்றாக இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள். இது எனக்கே நான் சொல்லிக்கொள்வது.

ஜெயந்தி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்: மினதி அம்மாவிடம் திரும்பிவிட்டாள். சபிதா பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு, தானாகவே வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். பாபு போனபின் மில்லில் ஒரு லைன் உண்மையாகவே மூன்று வாரம் நின்றது. இப்போது தரகர் இல்லாமல், தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் கூடவே இருக்க, மில் நேரடியாக ஆள் எடுக்கிறது. கைபேசிகளை மாலை ஆறுவரை வாங்கி வைப்பதை மட்டும் சரஸ்வதி இன்னும் விடவில்லை. அதைப் பற்றி நானும் அவரும் இரண்டுமுறை சண்டை போட்டாயிற்று. மூன்றாவது சண்டைக்குத் தயாராக இருக்கிறேன்.

சிவப்புத் தொலைபேசி இப்போது மொட்டைமாடிப் படிக்கட்டின் திருப்பத்தில், துணிக்கொடிக்குப் பக்கத்தில், சுவரில் இருக்கிறது. இடத்தைப் பெண்களே காட்டினார்கள். சரஸ்வதி அங்கேயும் ஒரு நாற்காலி போட்டார். ஜெயந்தி எடுத்தாள். அவர் மறுபடி போட்டார். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் சமாதானமாகியிருக்கிறார்கள்.

சென்ற வாரம் காலை பத்து மணிக்கு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. எடுத்தவுடனேயே சரஸ்வதி பொரிந்தார்.

"ஏனுங் டீச்சர், கேட்டீங்களா இந்த அநியாயத்த? நம்ம போனுல மொதக் கம்ப்ளைண்டு வந்திருக்குதுங்க! ஆருன்னு ஜெயந்தி சொல்லமாட்டேங்குது. சாம்பாருல புளி அதிகமாமா, பல்லுக் கூசுதாமா! என்ர சாம்பாருலங்க! நீங்க தின்னீங்களே, நீங்களே சொல்லுங்க."

இந்த முறை நான் டீச்சர் இல்லை என்று திருத்தவில்லை.

"அதிகம்தாங்க" என்றேன்.

லைனில் சாவிக்கொத்து மேஜைமேல் விழும் சத்தம் கேட்டது. பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லைங்க?" என்றார்.

"அந்த அறையில சொல்ல முடியலைங்க" என்றேன்.